உண்ணியின் காலை எண்ணுங்கள்: முட்டை முதல் முழு உண்ணி வரை அடையாளம் காண்பது எப்படி

மலேசியாவில் எங்கள் பகாவ் பக்கம், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் நாய்கள் பொதுவாகத் திரிந்த காலம் போய், தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளில் ஆளுக்கொரு நாய் வளர்க்கும் காலம் வந்திருக்கிறது. புதிதாக நாய் வாங்கியவர்கள் உண்ணி என்று என்னிடம் கொண்டுவந்து காட்டுவதெல்லாம் ஒரே உருவம்தான். சாம்பல் நிறத்தில் ஊதிப்போய்க் காது மடலில் தொங்குகிற அந்தப் பெரிய உருண்டை. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போவார்கள். பத்து நாளில், "அண்ணே, மறுபடியும் வந்திருச்சே" என்று வந்து நிற்பார்கள்.

மறுபடியும் வரவில்லை. போகவே இல்லை. அவர்கள் பிடுங்கியது கடைசிப் பருவத்தை மட்டும். மற்ற பருவங்கள் சுவர் இடுக்கிலும், நாய் படுக்கும் சாக்கிலும், நாயின் பிடரி மயிருக்குள்ளும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இதே தப்பைப் பல மாதம் நானும் செய்தவன். எங்கள் நாய் கறுப்பன் திடீரென்று சோறு தின்னாமல் படுத்துவிட்டது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்துப் போயிருந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் எர்லிக்கியா என்றார், உண்ணி பரப்புகிற காய்ச்சல். 28 நாள் விடாமல் மாத்திரை கொடுத்துத்தான் மீட்டோம். அன்றிலிருந்து பிடித்த உண்ணியைத் தட்டில் போட்டுப் பார்க்காமல் வீசுவதில்லை. பார்க்கத் தெரிந்தால் அதன் வயதும், அது அடுத்து எங்கே போகும் என்பதும், கூட்டாளிகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்

உண்ணி பூச்சி இனம் இல்லை. சிலந்தி, தேள் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு நான்கு பருவம்: முட்டை, ஆறு கால் குஞ்சு, எட்டுக் கால் இளசு, முதிர்ந்த உண்ணி. புத்தகத்தில் குஞ்சை லார்வா என்றும் இளசை நிம்ஃப் என்றும் எழுதியிருப்பார்கள். நான் குஞ்சு, இளசு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

உண்ணி என்றாலே உண்பது என்றுதான் பொருள். ஆனால் பெண் உண்ணி வாழ்நாளில் உண்பது மூன்றே தடவை. குஞ்சாக இருக்கும்போது ஒரு தடவை, இளசாக ஒரு தடவை, முதிர்ந்த பிறகு ஒரு தடவை. நம் ஊர் நாய் உண்ணி ஒவ்வொரு சாப்பாடும் முடிந்ததும் நாயை விட்டு இறங்கிவிடும். எங்காவது இடுக்கில் ஒளிந்து தோல் உரித்து, அடுத்த பருவமாகி மறுபடியும் நாயைத் தேடி வரும். ஆக, அதன் வாழ்நாளில் பெரும்பகுதி நாயின் மேல் இல்லை, நம் வீட்டில். நாயை மட்டும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தால் ஏன் தீராது என்பது இப்போது புரிந்திருக்கும்.

தட்டும் ஒட்டுநாடாவும்

பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, நிறமில்லாத செலோடேப், முனை கூரான இடுக்கி, மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட் ஊற்றிய சின்ன போத்தல். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிப் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் கால் எண்ண முடியும்.

உண்ணியைப் பிடுங்கும்போது வயிற்றைப் பிடிக்கக் கூடாது. இடுக்கியைத் தோலோடு ஒட்டி வைத்து, உண்ணியின் வாய் பதிந்த இடத்தைப் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, சிகரெட்டால் சுடுவது எல்லாம் லயத்துக் காலத்துப் பழக்கம். அதனால் உண்ணி சீக்கிரம் விடாது, நாயின் தோல்தான் புண்ணாகும். பிடுங்கியதை விரலால் நசுக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் கிருமி நம் கைப்புண்ணில் படக்கூடும். நேராக போத்தலுக்குள் போடுங்கள். உயிரோடு பார்க்க வேண்டுமானால் செலோடேப்பில் ஒட்டி வெள்ளைத் தட்டின்மேல் வையுங்கள். கால்கள் அசையும், எண்ணுவதற்குச் சுலபம்.

பிடுங்குவதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது உண்ணிதானா? தாமானில் ஒரு தம்பி தன் ஆண் நாயின் வயிற்றில் வரிசையாக உண்ணி இருக்கிறது, எவ்வளவு இழுத்தும் வரவில்லை என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் அது நாயின் முலைக்காம்பு. ஆண் நாய்க்கும் காம்பு உண்டு என்பது அவனுக்குத் தெரியவில்லை. பாவம், அந்த இடமே சிவந்து வீங்கிப் போயிருந்தது. பாலுண்ணி, மரு போன்றவையும் இப்படி ஏமாற்றும். மயிரை விலக்கி, தோலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். கால் தெரிந்தால் உண்ணி. கால் இல்லாமல் தோலே நீண்டிருந்தால் கை வைக்காதீர்கள். குதித்து ஓடினால் அது தெள்ளுப்பூச்சி, உண்ணிக்குக் குதிக்கத் தெரியாது. கடையில் மருந்து கேட்கும்போதும் இந்த வித்தியாசம் தேவைப்படும். மலாயில் பேனிலிருந்து உண்ணி வரை எல்லாவற்றையும் 'குத்து' என்றே சொல்லிவிடுவார்கள். 'செங்கெனிட்' என்று கேட்டால்தான் உண்ணி என்று சரியாகப் புரியும்.

முட்டை

முட்டையை நாயின் மேல் தேடாதீர்கள், இருக்காது. இரத்தம் குடித்து நிறைந்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி மேலே ஏறும். நாய் உண்ணிக்கு ஏறுகிற புத்தி அதிகம். சுவரும் கூரையும் சேரும் மூலை, பலகை வீட்டின் பிளவு, கார் நிறுத்தும் இடத்துத் தூணின் வெடிப்பு, செருப்பு அலமாரியின் பின்பக்கம், இங்கெல்லாம் பாருங்கள். பழுப்பு நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பாக, ரவையைக் குவித்தது மாதிரி ஒரு சின்னக் குவியல் தெரியும். பக்கத்தில் தோல் சுருங்கி வற்றிப்போன ஒரு தாய் உண்ணியும் கிடக்கும். முட்டையிட்டு முடித்ததும் அது செத்துவிடும். ஒரு தாய் நாலாயிரம் முட்டை வரைகூட இடும். ஒரே ஒரு பெரிய உண்ணி சுவரேறிப் போனால்கூட நான் விடாமல் தேடுவது அதனால்தான்.

பேனின் ஈர் மயிரோடு ஒட்டி ஒவ்வொன்றாக இருக்கும். உண்ணி முட்டை மயிரில் ஒட்டாது, குவியலாகத்தான் கிடக்கும். இந்த ஒரு வித்தியாசம் போதும். குவியலைத் துடைப்பத்தால் கூட்டினால் சிதறிப்போகும். அகலமான டேப்பை அதன்மேல் அழுத்தி மொத்தமாக எடுத்து, மடித்து, ஸ்பிரிட்டிலோ கொதிக்கிற நீரிலோ போடுங்கள்.

ஆறு கால் குஞ்சு

முட்டை பொரிய நம் ஊர் வெப்பத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வெளியே வருகிற குஞ்சு அரை மில்லிமீட்டர்தான், ஒரு ரவைத் துகள் நகர்வது போல இருக்கும். தூசி என்று நினைத்துத் தட்டிவிடுவோம், தட்டிய பிறகும் நகரும்.

இங்கேதான் கால் எண்ணுவது உதவுகிறது. உண்ணிக் குஞ்சுக்கு ஆறே கால். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாய்ப்பகுதியையும் காலென்று எண்ணி எட்டு என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. உடம்பின் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்புவது மட்டும்தான் கால். பக்கத்துக்கு மூன்று என்றால் குஞ்சு. எதற்கும் இரண்டு மூன்றைப் பிடித்துப் பாருங்கள். பிடுங்கும்போது கால் ஒடிந்த இளசும் தட்டில் வரும், ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

குஞ்சுகள் ஒரே குவியலிலிருந்து பொரிந்து வருவதால் கூட்டமாகத்தான் நாயின் மேல் ஏறும். நீளமான மயிர் இருக்கும் பிடரியில் விரலைவிட்டு, மயிரை எதிர்த்திசையில் தள்ளிப் பாருங்கள். மிளகுப்பொடி தூவியது போலத் தெரிந்தால் அந்த இடத்தில் டேப்பை ஒட்டி எடுத்துத் தட்டில் பாருங்கள். இரண்டு மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வயிறு நிறைந்து, நீலம் கலந்த சாம்பல் நிறமாகி விழுந்துவிடும்.

நோய்க் கணக்கில் ஒரு செய்தி. கறுப்பனைப் படுக்கவைத்த எர்லிக்கியா தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்குப் போவதில்லை. அப்போதுதான் பொரிந்த குஞ்சிடம் அது இருக்காது. நோயுள்ள நாயின் இரத்தத்தைக் குடித்த குஞ்சு, தோல் உரித்து இளசாகும்போதுதான் அந்த நோயை அடுத்த நாய்க்குக் கொண்டுபோகும். நாய் உண்ணியைக் குஞ்சாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இளசு: அதிகம் ஏமாற்றும் பருவம்

குஞ்சு விழுந்து ஒன்று இரண்டு வாரத்தில் தோல் உரித்து எட்டுக் காலோடு எழும். பசியோடு இருக்கும் இளசு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கசகசா அளவு. முதிர்ந்த உண்ணி பசியோடு இருக்கும்போது எள் அளவு, மூன்று மில்லிமீட்டர். கேட்பதற்குத் தெளிவாக இருக்கிறது. ஆனால் வயிறு நிறைந்த குஞ்சு கசகசா அளவுக்கு வந்துவிடும், வயிறு நிறைந்த இளசு எள்ளையும் எட்டிவிடும். அதனால் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் கால். ஆறு என்றால் எவ்வளவு பெருத்திருந்தாலும் அது குஞ்சுதான். எட்டு என்றால் அடுத்து முதுகு. உண்ணியின் முதுகில் வாயை ஒட்டிக் கெட்டியான ஒரு தகடு இருக்கும், அதன் நிறமே தனியாகத் தெரியும். அது முதுகு முழுவதையும் மூடியிருந்தால் ஆண். முன்பக்கத்தை மட்டும் மூடியிருந்தால் இளசு அல்லது பெண். இந்த இரண்டையும் பிரிக்க உண்ணியை மல்லாக்கப் போடுங்கள். முதிர்ந்த பெண்ணுக்கு முன்னங்கால்கள் கிளம்பும் இடத்துக்கு நடுவில், வயிற்றின் மையத்தில், இனப்பெருக்கத் துளை ஒரு சின்னக் கீறலாகத் தெரியும். இளசுக்கு அந்த இடம் வெறும் தோல். இதற்கு லென்ஸ் வேண்டும். வெயிலில் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இளசும் ஒரு வாரம் போலக் குடித்துவிட்டு விழும், இரண்டு வாரம் போல ஒளிந்திருந்து முதிர்ந்து எழும்.

ஆணும் பெண்ணும்

முதிர்ந்தவற்றை நாயின் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் அதிகம் பார்க்கலாம். ஊதிய பெரிய உண்ணியை இடுக்கியால் இலேசாகத் தூக்கிப் பாருங்கள். அதன் வயிற்றுக்கடியில் தட்டையாக, செம்பழுப்பு நிறத்தில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. "தாயும் பிள்ளையும்" என்று பலர் சொல்வது இதைத்தான். பிள்ளை இல்லை, ஆண். முதுகுத் தகடு முழுவதையும் மூடியிருப்பதால் அதற்கு ஊத முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு நாயின் மேலேயே பெண்ணைத் தேடி அலையும். பெரியதை மட்டும் பிடுங்கிவிட்டு இதை விட்டால், அடுத்து ஏறிவரும் பெண்ணுக்கு மாப்பிள்ளை தயாராக இருக்கும்.

பெண்ணின் தகடு முன்பக்கம் மட்டும் இருப்பதால் மிச்ச உடம்பு பை போல விரியும். எள் அளவில் ஏறியது ஒரு வாரம் போலக் குடித்துப் பதினொரு மில்லிமீட்டர் வரை ஊதும், ஆமணக்கு விதை போல. லத்தீனில் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் 'ரிசினஸ்' என்ற ஒரே பெயர்தான். எங்கோ இருந்தவர்களுக்கும் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கிறது. எவ்வளவு ஊதினாலும் தகடு மட்டும் பெரிதாகாது. வாய்க்குப் பின்னால் சின்னப் பொட்டு மாதிரி அப்படியே நிற்கும். அந்தப் பொட்டைப் பார்த்தால் பெரிய உருண்டைக்கு எந்தப் பக்கம் தலை என்பதும் தெரிந்துவிடும், இடுக்கி வைக்கத் தடுமாற வேண்டாம்.

மாட்டு உண்ணிக்குக் கணக்கு வேறு

செம்பனைக் காட்டில் மாடு மேய்ப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. நம் மாடுகளில் அதிகம் காணும் மாட்டு உண்ணி மூன்று சாப்பாட்டையும் ஒரே மாட்டின் மேலேயே முடித்துக்கொள்ளும். புல் நுனியில் காத்திருக்கும் குஞ்சு மாடு உரசும்போது ஏறும், அங்கேயே தோல் உரித்து இளசாகும், அங்கேயே முதிரும். ஏறத்தாழ 21 நாளில் ஊதிய பெண் கீழே விழுந்து புல்தரையில் முட்டையிடும். ஆகவே ஒரே மாட்டின் தாடையிலும் மடியிலும் தொடை இடுக்கிலும் எல்லாப் பருவமும் சேர்ந்தே இருக்கும். இதன் கால்கள் வெளிறி, பால் கலந்த நிறத்தில் இருக்கும். நாய் உண்ணியின் கால்கள் உடம்பைப் போலவே செம்பழுப்பு.

நோய்க் கணக்கும் இங்கே தலைகீழ். மாட்டுக்குச் சிவப்பு மூத்திரம் வரவைக்கும் பபேசியா என்ற கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடும். மாட்டின் மேல் ஏறிய பொடிக் குஞ்சு என்று அலட்சியமாக இருக்க முடியாது. மருந்து அடிக்கும் இடைவெளியை அந்த 21 நாளை மனதில் வைத்துத்தான் கணக்கிடுவார்கள். எந்த மருந்து, எத்தனை நாளுக்கு ஒரு தடவை, பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்பதை மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பருவம் தெரிந்தாயிற்று, அப்புறம்?

நாயின் பிடரியில் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால், வீட்டுக்குள்ளேயோ நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயோ சமீபத்தில் ஒரு குவியல் பொரிந்திருக்கிறது. அதைத் தேடுங்கள். வயிறு நிறைந்த இளசு நிறைய இருந்தால், இரண்டு வாரத்தில் முதிர்ந்தவை நாயைத் தேடி வரும். அதற்குள் சாக்கை மாற்றி, படுக்கும் இடத்தில் கொதிநீர் ஊற்றி, சுவர் வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். ஊதிய பெண் சுவரேறுவதைப் பார்த்தால் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். முட்டையிட்டுப் பொரியும் நாளைச் சேர்த்தால் ஒரு மாதம் போல ஆகும், அதற்குள் மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட வேண்டும். முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை நம் வெப்பத்தில் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான். குளிர்காலம் இல்லாததால் வருஷம் முழுக்கச் சுற்று ஓடும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தை ஒரு மாதத்தோடு நிறுத்திவிட்டுத் தீரவில்லை என்று சொல்வதில் பலனில்லை, மூன்று மாதமாவது தொடருங்கள். காலியாகக் கிடந்த பழைய வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் அங்கே முன்பு நாய் இருந்ததா என்று விசாரியுங்கள். முதிர்ந்த உண்ணி ஒரு வருஷத்துக்கு மேல்கூடப் பட்டினி கிடக்கும்.

நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போடவே போடாதீர்கள். பூனை செத்துவிடும்.

மனிதர் மேல் ஏறினால்

செம்பனைக் காட்டுக்குள் வேலை செய்கிறவர்கள் உடம்பில் ஆறு காலோடு ஒன்றைக் கண்டால், உண்ணிக் குஞ்சு என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். ஆரஞ்சு சிவப்பு நிறத்தில், அதைவிடச் சிறியதாக, உடம்பெல்லாம் மயிரோடு இருந்தால் அது வேறு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. ஸ்க்ரப் டைஃபஸ் என்கிற புதர்க்காய்ச்சலைப் பரப்புவது அதுதான். மலாயாவில் 1920களிலேயே இந்தக் காய்ச்சலைப் பற்றி ஆராய்ந்தார்கள், அப்போது செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களிடம் அது அதிகம் தெரிந்தது. 1948இல் குளோரம்பெனிகால் மருந்தைப் புதர்க்காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்து வெற்றி கண்டதும் கோலாலம்பூரில்தான். இன்றும் தோட்ட வேலைக்குப் போய்வந்தவருக்குக் காய்ச்சல் அடித்து, இடுப்பிலோ அக்குளிலோ சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். செம்பனைக் காட்டில் வேலை என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

காதுக்குள் உண்ணி போவதும் நம் நாட்டில் நடப்பதுதான். காதுக்குள் இரைச்சல், வலி, ஏதோ ஊர்வது போல இருந்தால் வீட்டில் இடுக்கியை விடாதீர்கள். செவிப்பறைக்குப் பக்கத்தில் கடித்துக்கொண்டிருக்கும், டாக்டர்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை ஒரு போத்தலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாயிடமிருந்தோ மாட்டிடமிருந்தோ எடுத்ததையும் அப்படியே வைத்திருந்து மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். ஒரு துண்டுத் தாளில் தேதி, எந்தப் பிராணி, உடம்பில் எந்த இடம், கால் ஆறா எட்டா என்று எழுதிப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.